படம் எடுத்தது யார்?

கோச்சடை
6.2.2010

தம்பி ராம்கிக்கு,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை. நீயும் என்னைக் கேட்காதே.

தெருமுனைக் கருப்பசாமிக்கு முன்னால், என் புகுந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், இந்த வீட்டு ஆளுககிட்ட வாய் தொறந்து பேச மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டு ரயில் ஏறிவிட்டாய். இந்த வீட்டு ஆள் என்றால் அதில் நானும் உண்டே, அது உனக்குத் தோன்றவில்லையா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது உன்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால் இங்கே போன் உன் மச்சான் சட்டைப் பையில் கிடக்கிறது. எழுத மாட்டேன் என்று நீ சூடம் அணைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடாதே, நான் வேலை பார்க்கிற அங்கன்வாடி விலாசத்துக்குப் போடு.

நடந்ததில் நீ பாதிதான் பார்த்தாய். என் நாத்தனார் ரோகிணிக்கும் உனக்கும் பூ வைத்து முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் நான்தான் படம் எடுத்தேன். பரிமாறப் போகணும் என்று கேமராவை ரோகிணி கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என் ஓரகத்தி முருகம்மாள் அவளிடமிருந்து அதை வாங்கிப் பார்த்திருக்கிறாள். பூ வைத்த படம் ஒன்றுகூட அதில் இல்லை. ஏதோ ஒரு கடை. அதில் நீ. உன் தோளை ஒட்டி ஒரு பெண், உன்னைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். முருகம்மாள் போட்ட சத்தத்தில் பாதிப் பேர் இலையை மூடாமலே எழுந்துவிட்டார்கள்.

"கேமரா வாங்கும்போது கடையில எடுத்தது" என்று நீ சொன்னாய். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் உன் மச்சானின் அண்ணன், எங்கள் வீட்டு மூத்தவர் விருமாண்டி கேட்டார்: "சரி மாப்ள, கடையில எடுத்தது. அதுல நீயும் இருக்க, அவளும் இருக்கா. அப்ப எடுத்தது யாரு?" நீ என்ன சொன்னாய்? "அதுவா எடுத்துச்சு" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ரோஷம் வந்துதான் நீ சூடத்தைத் தேடிப் போனாய்.

நீ போய்விட்டாய். கேள்வி இங்கேயே நிற்கிறது. கேமரா யாருடையது? தீபாவளிக்கு நீ எனக்கு வாங்கித் தந்தது. ஆகவே கூட நின்று எடுத்தவள் நான்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தம்பிக்கு ஒருத்தியைச் சேர்த்துவைத்து, அதை மூடி மறைத்து, ரோகிணியை உன் தலையில் கட்டப் பார்த்தேனாம். உன் மச்சான் முத்துப்பாண்டி அன்றைக்கு நிறுத்திய பேச்சை இன்னும் தொடங்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் தின்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. அன்றைக்குக் கேமராவுக்குள் மெமரி கார்டு இல்லையாம். மறுநாள் வீடு கூட்டும்போது கிடந்தது என்று ரோகிணி எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டால் பூ வைத்த படமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, அந்தக் கடைப் படத்தைக் காணோம். என்ன மாயமோ!

கோபப்படாமல் பதில் சொல். படம் எடுத்தது யார்? என்னிடமாவது உண்மையைச் சொல்லுடா.

அக்கா
பாண்டீஸ்வரி


சோலாப்பூர்
13.2.2010

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அடுப்புப் பக்கத்தில் நின்றே படித்தேன். ஒரு ஈடு முறுக்கு முழுக்கக் கருகிப்போனது. எங்கள் முறுக்குக் கம்பெனியில் அப்படிக் கருகவிட்டவன் இதுவரைக்கும் நான் ஒருத்தன்தான்.

விருமாண்டி மச்சான் கேட்டார், சரி. முருகம்மாள் அக்கா கேட்டார், சரி. நீயுமா? சின்ன வயதில் ஊரே என்னைத் திருடன் என்றபோது "எந்தம்பி எடுத்திருக்க மாட்டான்" என்று தெருவில் நின்று கத்தினவள் நீ. "என்னிடமாவது உண்மையைச் சொல்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கேட்டுக்கொள். தீபாவளிக்கு முன்னால் டவுன்ஹால் ரோட்டில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. சட்டைப் பைக்குள் போகிற மாதிரி, நீ அங்கன்வாடிப் பிள்ளைகளையும் படம் எடுக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தேடினேன். ஒரு கடையில் ஒரு பெண் பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கார்டு போடாமலே கேமராவின் வயிற்றுக்குள் கொஞ்சம் படம் நிற்கும் என்றும், கார்டு போட்டுவிட்டால் அந்தப் படங்கள் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொன்னாள். நான் மறந்தே போனேன். உன் மாயம் அதுதான். யாரோ கார்டை உருவியிருக்கிறார்கள், உள்ளே கிடந்தது வெளியே வந்திருக்கிறது.

அப்புறம் டைமர். "இத அமுக்கிட்டு நீங்களும் ஓடிப் போயி நிக்கலாம்ண்ணே, எடுக்க ஆளு வேணாம்" என்றாள். நான் நம்பவில்லை. ஒரு பெட்டி மேல் கேமராவை வைத்து அமுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. நான் போலீஸ்காரனைக் கண்ட மாதிரி விறைத்து நின்றேன். அதைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை சிரித்தது. அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்துவிட்டது. முதலாளியிடம் சௌராஷ்டிர பாஷையில் பேசினாள், என்னிடம் தமிழில் பேசினாள், அண்ணே என்று கூப்பிட்டாள். பேர்கூட எனக்குத் தெரியாது.

கடை எது என்று மட்டும் கேட்காதே. சொன்னால் விருமாண்டி மச்சான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்று கத்துவார். கேமரா விற்றதைத் தவிர அந்தப் பெண் ஒரு தப்பும் பண்ணவில்லை. அதோட வேலையும் போகும், பேரும் போகும்.

ரோகிணி என்ன சொல்லுது? அதுவும் என்னைச் சந்தேகப்படுதா? இந்தக் கல்யாணத்துக்கு நான் எம்புட்டு ஆசைப்பட்டுத் தலையாட்டினேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்கள் என்ன நினைத்தாலும் போகட்டும். அது என்ன நினைக்குதுன்னு கேட்டு எழுது.

ராம்கி


கோச்சடை
20.2.2010

தம்பி,

உன்னைக் கேட்டது தப்புதான். ஆனால் என் இடத்தில் நீ இருந்து பார். நீ அடுப்பு முன்னால் நிற்கிறாய், நான் அடுப்புக்குள்ளே நிற்கிறேன்.

நீ எழுதியதை அப்படியே இவர்களிடம் சொன்னேன். "ஆளில்லாம படம் எடுக்குமாம்ல! அப்ப எடுத்தது பேயா?" என்று முருகம்மாள் கேட்டாள். சரி, காட்டுகிறேன் என்று கேமராவைத் திறந்தால் உயிரே இல்லை. பாட்டரி செத்துவிட்டது. சார்ஜரை வீடு முழுக்கத் தேடினேன், இல்லை. தேடத் தேட, நான் நாடகம் ஆடுகிறேன் என்று அவர்களுக்கு உறுதியாகிவிட்டது.

மூத்தவர் இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். கேமராவை ஸ்டுடியோவில் கொடுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு டவுன் முழுக்கக் கேட்கப் போகிறாராம். நேற்று என் பீரோவை அவரே திறந்து பார்த்தார். உன் மச்சான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேமரா அங்கே இல்லை. அங்கன்வாடியில் சத்துமாவு டப்பாவின் அடியில் பாலித்தீன் சுற்றிக் கிடக்கிறது. "தொலைஞ்சு போச்சு" என்று பொய் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய், அதையும் யாரும் நம்பவில்லை.

மார்ச் 7 ஞாயிற்றுக்கிழமை இவர்களுடைய பெரியப்பா சின்னச்சாமியை வைத்துப் பேசப் போகிறார்கள். படம் எடுத்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டு காலில் விழணும். இல்லையென்றால் பாப்பாவை இங்கே விட்டுவிட்டு நான் பொறந்த வீட்டுக்குப் போகணும். எனக்குப் பொறந்த வீடு எங்கே இருக்கிறது? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. உன் முறுக்குக் கம்பெனிதான் எனக்குப் பொறந்த வீடு.

நீ கடைப் பேரைச் சொல்லிவிட்டால் என் பாடு ஒரே நாளில் தீரும். அந்தப் பெண்ணே வந்து "ஆமா, நான்தான் அமுக்கிக் காட்டினேன்" என்று சொன்னால் முடிந்தது. இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்தும் போட்டேன். சொல்லாதே. இங்கே ஒருத்தி படுவது போதும்.

ரோகிணி எதுவும் சொல்வதில்லை. கேட்டால் எழுந்து துணி துவைக்கப் போய்விடுகிறாள். துவைத்ததையே துவைக்கிறாள்.

பாண்டீஸ்வரி


சோலாப்பூர்
25.2.2010

அக்கா,

சார்ஜர் என் பையில்தான் இருந்தது. லுங்கிக்குள் சுருண்டு கிடந்தது. பூ வைக்கிறதுக்கு முதல் நாள் நானே சார்ஜ் போட்டு, பழக்கதோஷத்தில் என் போன் சார்ஜரோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடி. கூரியரில் அனுப்பிவிட்டேன், முறுக்குப் பொட்டலத்தோடு வரும். முறுக்கைப் பிள்ளைகளுக்குக் கொடு.

பாட்டரியைக் கழற்றி அதில் மாட்டு. சிவப்பு விளக்கு பச்சையானால் முடிந்தது. கேமராவின் முதுகில் வட்டமாக ஒரு பட்டன் இருக்கும், அதில் ஒரு பக்கம் கடிகாரம் மாதிரி சின்னப் படம். அதை அமுக்கி, மறுபடி நடு பட்டனை அமுக்கு. அப்புறம் மேலே இருக்கிற பெரிய பட்டன். அமுக்கினதும் போய் நில். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடும். பயந்து திரும்பி ஓடி வராதே.

படத்தை அழிக்கணும் என்றால் குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டன். உன் வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணின் படத்தை அழித்துவிடு. ஆனால் முதலில் அழித்துவிடாதே, அப்புறம் "தடயத்த அழிச்சுட்டா" என்பார்கள்.

நீ காலில் விழக் கூடாது. எவன் காலிலும் விழக் கூடாது. விழுந்தாய் என்று கேள்விப்பட்டால் சூடமாவது சாமியாவது, நான் ரயில் ஏறி வந்து எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடுவேன். பிறகு நடக்கிறது நடக்கட்டும்.

ரோகிணி துவைத்ததையே துவைக்குது என்று எழுதியிருந்தாய். பாவம், என்னை நினைத்துத்தான் மனசு ஒடிந்து கிடக்குது போல. அதுகிட்டச் சொல்லு, எல்லாம் சரியாகிவிடும் என்று.

ராம்கி


கோச்சடை
5.3.2010

தம்பி,

சார்ஜர் வந்தது. அங்கன்வாடியில் கரண்ட் இல்லை, வந்தாலும் நிற்பதில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி, நேற்று சாயந்தரம் ஏற்றி எடுத்தேன்.

பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கேமராவை அரிசி மூட்டை மேல் வைத்து நீ சொன்னபடி அமுக்கினேன். சிவப்பு விளக்கு மினுக்கியதும் பாதிப் பிள்ளைகள் எழுந்து அதைப் பிடிக்க ஓடின. படத்தில் எல்லாம் முதுகும் டவுசரும்தான். ஆனால் எடுத்துவிட்டது! ஆளே இல்லாமல் எடுத்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளைகள் பயந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

நாளை மறுநாள் பஞ்சாயத்து.

கார்டுக்குள் இன்னொன்றும் பார்த்தேன். அதை இப்போது எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும்.

பாண்டீஸ்வரி


சோலாப்பூர்
8.3.2010

என் அருமை அக்கா!

நேற்று விருமாண்டி மச்சானே போன் பண்ணினார். புது நம்பர் என்பதால் எடுத்துவிட்டேன். சத்தியத்துக்குப் பழுது வரக் கூடாது என்று நான் "உம்" கூடக் கொட்டவில்லை, அவர்தான் பேசினார். "மாப்ள, தப்பு எங்க மேலதான். அந்தச் சனியன் அதுவாத்தான் எடுக்குது. சித்திரையில முகூர்த்தம் வச்சுருவோம். சூடத்துக்குக் கருப்பனுக்கு ஒரு கிடாய வெட்டிப் பரிகாரம் பண்ணிக்கலாம், நீ கெளம்பி வா" என்றார். நான் பேசாமலே இருக்க, "லைன்ல இருக்கியா, இருக்கியா" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீ ஜெயித்துவிட்டாய் அக்கா. என்ன நடந்தது, எப்படிக் காட்டினாய், யார் முகம் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் எழுது. முருகம்மாள் அக்கா முகத்தைத் தனியாக எழுது.

இன்றைக்கே கடைவீதிக்குப் போய் சோலாப்பூர் போர்வை நல்லதாக இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்று ரோகிணிக்குப் பிடித்த ஊதா நிறம். கம்பெனிப் பையன்களுக்கு இன்றைக்குக் கறிச்சோறு.

ரோகிணி இப்போது சிரிக்குதா?

உன் தம்பி
ராம்கி


கோச்சடை
8.3.2010

தம்பி ராம்கிக்கு,

இந்நேரம் மூத்தவர் உனக்குப் போன் பண்ணியிருப்பார். நீ சந்தோஷமாக இருப்பாய். அதைக் கெடுக்கத்தான் இந்தக் கடிதம். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நேற்று எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னச்சாமி பெரியப்பாவுக்கு நாற்காலி. "ஏத்தா, மடியில கனமில்லைன்னா வழியில பயமெதுக்கு? எடுத்தது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, மன்னிச்சு விட்டுரச் சொல்றேன்" என்றார். நான் முந்தானைக்குள் இருந்து கேமராவை எடுத்தேன். "தொலைஞ்சு போச்சுன்ன?" என்று மூத்தவர் எழுந்துவிட்டார். "ஆமா, பொய்தான் சொன்னேன். இப்ப உக்காருங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசினது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டார்.

டிவி மேல் கேமராவை வைத்தேன். "எல்லாரும் அப்படியே இருங்க. நானும் வந்து உங்க கூட உக்காருறேன். அப்புறம் எடுத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லி அமுக்கினேன். விளக்கு எரியவில்லை. இடம் நிறைந்துவிட்டது என்று இங்கிலீஷில் காட்டுகிறது! கார்டை நான் முன்னமே உருவி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். ஏன் உருவினேன் என்று பிறகு சொல்கிறேன். கேமராவின் வயிற்றில் இருந்த கொஞ்ச இடத்தை நீ கடையில் எடுத்ததே அடைத்துக்கொண்டிருக்கிறது.

"என்ன, பேய்க்கு இன்னைக்கு லீவா?" என்றாள் முருகம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். கார்டைப் போட்டால் வேலை நடக்கும், ஆனால் போட முடியாது. குப்பைத்தொட்டி பட்டனைத் தேடிப் பிடித்தேன். கடை ஃபேன் ஒரு படம், உன் கட்டைவிரல் ஒரு படம், யாரோ ஒருவரின் பாதி வழுக்கை. ஒவ்வொன்றாக அழித்தேன். நீயும் அந்தப் பெண்ணும் நிற்பதை மட்டும் விட்டுவைத்தேன். மறுபடி அமுக்கிவிட்டுப் போய் உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விளக்கு மினுக்க ஆரம்பித்தது. "யாத்தே!" என்று முருகம்மாள் சேலையை இழுத்துத் தோளை மூடினாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பெரியப்பா எழுந்து போய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒயரும் ஒட்டடையும்தான். திரும்பி வந்து, "பிள்ள சொன்னது நெசந்தேன்" என்றார். எனக்கு அது போதும்.

அவர்கள் கண் முன்னாலேயே அந்தக் கடைப் படத்தை அழித்தேன். "இந்தப் பிள்ளை யாருன்னு இனி யாருக்கும் வேணாம்" என்றேன். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. சாப்பிடும்போது உன் மச்சான், "ஏய், கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். இத்தனை நாள் கழித்து அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. ஊற்றினேன். வேறு என்ன செய்வது?

இப்போது கார்டு விஷயம். வியாழக்கிழமை சார்ஜ் ஏறியதும், பூ வைத்த படங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். பொங்கலுக்கு முன்னால் எடுத்தது கொஞ்சம் இருந்தது. எல்லாம் ரோகிணி. எங்கள் வீட்டுக்குள், தனியாக. என் சேலையைக் கட்டி, உன் மச்சானின் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பீரோ கதவில் சாக்பீஸால் கணக்கு எழுதிப்போட்டு, கையில் விளக்குமாற்றுக் குச்சியோடு டீச்சர் மாதிரி நிற்கிறாள். கண்ணாடி நழுவ நழுவச் சிரிக்கிறாள். பகலில் நான் அங்கன்வாடியில், மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படியானால் இதை எடுத்தது யார் என்று யோசித்தேன். அவளுக்கு டைமர் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

அன்றைக்கே கொல்லைக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. கார்டை உருவி, முன்பே பார்த்துவைத்திருந்த கடைப் படத்தை வரவைத்து, முருகம்மாள் கையில் அவளேதான் கொடுத்திருக்கிறாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். வாங்கிக்கொண்டு நின்றாள். "மதனி, ராம்கி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பி.எட். படிக்கணும்னு எல்லார்கிட்டயும் சொன்னேன், உங்ககிட்டயும் சொன்னேன். இந்த வீட்டுல யாருக்கும் காது கேக்கல. படத்தக் காட்டுனேன், உடனே எல்லாருக்கும் கண்ணு தெரிஞ்சிருச்சு. பழி உங்க தலையில விழும்னு சத்தியமா நெனைக்கல" என்றாள். "விழுந்த பெறகாச்சும் சொல்லலாம்ல?" என்று கேட்டேன். "பயமா இருந்துச்சு மதனி" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதோம். நான் அடித்த கன்னத்தை நானே தடவிக்கொடுத்தேன்.

அதனால்தான் கார்டை உருவினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் படத்தைக் காட்டியிருந்தால் போதும், ஒரு நொடியில் முடிந்திருக்கும். அப்புறம் அவளை இவர்கள் உயிரோடு புதைத்திருப்பார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சித்திரையில் முகூர்த்தம் என்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் சொன்னால் என் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்தன்தான். நீ அவள் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாய் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

பூ வைத்த படங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "சிரி புள்ள, சிரி புள்ள" என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லித்தான் எடுத்தேன். ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை. இத்தனை படம் எடுத்தவள் நான், எனக்கே அது தெரியவில்லை.

பாண்டீஸ்வரி


சோலாப்பூர்
15.3.2010

அக்கா,

உன் கடிதத்தை முதலில் கிழித்துவிட்டேன். அப்புறம் மாவு ஒட்டிய மேஜையில் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தேன். உன்னைத் திட்டினேன், ரோகிணியைத் திட்டினேன், அந்தக் கேமராவை வாங்கிய என்னைத் திட்டினேன். யாரையும் ஒழுங்காகத் திட்ட முடியவில்லை.

எனக்கு வலிக்குது அக்கா. சும்மா சொல்லவில்லை, நிசமாகவே வலிக்குது. "முறுக்குக்காரன் வேணாம்" என்று என் முகத்துக்கு நேரே அது சொல்லியிருக்கலாம். அப்புறம் யோசித்தேன். பூ வைக்கிற அன்றைக்கு நானும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. மூக்குத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருமாண்டி மச்சானுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். இப்படித்தான் எழுதினேன்: "கருப்பசாமி முன்னால அணைச்ச சூடம் அணைச்சதுதான். கிடா வெட்டியும் அதைத் திருப்பிக் கொளுத்த மாட்டேன். என்னை நம்பாத வீட்டில் நான் பெண் எடுக்க மாட்டேன். இது என் முடிவு. இதில் என் அக்காவுக்கும் ரோகிணிக்கும் சம்பந்தம் இல்லை." திமிர் பிடித்தவன் என்று நாலு நாள் பேசுவார்கள். பேசட்டும். சாமி சத்தியம் என்றால் சின்னச்சாமி பெரியப்பாவும் எதிர்த்துப் பேச மாட்டார். கோபமெல்லாம் சோலாப்பூர் பக்கம் திரும்பிவிடும், உங்கள் இரண்டு பேர் மேலும் விழாது. பூ வைத்து நின்றுபோன பெண்ணுக்குக் கொஞ்ச நாளைக்கு மாப்பிள்ளை வராது. அந்த இடைவெளியில் மச்சானிடம் பேசி அதை பி.எட். சேர்த்துவிடு. உனக்கு ரசம் ஊற்றத் தெரியும்தானே, இரண்டு கரண்டி கூட ஊற்றி அந்த நேரத்தில் கேள்.

கார்டில் இருக்கிற டீச்சர் படங்களை அழித்துவிடாதே. ரோகிணியிடமே கொடுத்துவிடு. நான் பார்க்க வேண்டாம்.

போர்வை இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். அங்கன்வாடிப் பிள்ளைகள் மத்தியானம் படுக்கிறதுக்கு விரி. ஊதாவை மட்டும் கொஞ்ச நாளைக்கு விரிக்காமல் அடியில் மடித்து வைத்திரு.

இனி உன் வீட்டுக்கு நான் வர முடியாது. பாப்பா காதுகுத்துக்கும் வாசலோடு நிற்கப்போகிற தாய்மாமன் நான்தான். அது உனக்குத்தான் பெரிய அடி என்று தெரியும். ஆனால் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன், அங்கன்வாடி வாசப்படி அதில் சேராது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம் மதுரைக்கு வாரேன். நீ அந்த வீட்டு ஆள், அதனால் நான் வாய் திறக்க மாட்டேன். நீ பேசு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவை எடுத்து வா, சார்ஜ் போட்டு வை. அரிசி மூட்டை மேல் வைத்து அமுக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நில். படம் எடுத்தது யாருன்னு எவன் கேக்குறான்னு பார்ப்போம்.

ராம்கி